வில்சனுக்குச் சென்ற சென்னைக் கடிதமும் அதன் தன்மைப் பன்மையும்

1917ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாளிட்ட கடிதமொன்று சென்னையிலிருந்து வாஷிங்டனுக்குப் போயிற்று. எழுதியவர் சர் எஸ். சுப்பிரமணிய ஐயர், பெறுநர் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன். அஞ்சலில் சேர்த்திருந்தால் போர்க்காலத் தணிக்கையாளரின் மேசையைத் தாண்டியிராது. எனவே பிரம்மஞான சபையைச் சேர்ந்த ஹோச்னர் என்னும் அமெரிக்கத் தம்பதியர் அதைக் கையோடு எடுத்துச் சென்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழர் ஒருவர் எழுதிய அரசியல் உரைநடைகளுள் இவ்வளவு துணிச்சலானது வேறொன்று உண்டா என்பது ஐயமே. ஆயினும் நம் இலக்கியச் சூழலில் இதைப்பற்றிப் பேசுவார் அரிது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டது என்பது ஒரு காரணமாகலாம். அமெரிக்க வரலாறு என்றால் அது அங்கே நடந்தது, நமக்கு அதில் இடமில்லை என்ற எண்ணம் இன்னொரு காரணம் என்றே நாம் கருதுகிறோம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இவர் ‘இந்து’, ‘சுதேசமித்திரன்’ இதழ்களை நிறுவிய ஜி. சுப்பிரமணிய ஐயர் அல்லர். அந்தத் தலைமுறையில் சுப்பிரமணியர்கள் மிகுதி. பாரதியும் சிவாவும்கூட அப்பெயரினரே. இவர் 1842இல் மதுரையில் பிறந்தவர்; அக்காலத்தார் ‘மணி ஐயர்’ என்று அழைத்தனர். 1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசில் கலந்துகொண்டவர். 1895 முதல் 1907 வரை சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி. சில வேளைகளில் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். கே.சி.ஐ.ஈ., திவான் பகதூர் ஆகிய பட்டங்களை உடையவர். சென்னைப் பல்கலைக்கழகச் செனட் மண்டபத்தருகே அமர்ந்திருக்கும் சிலை இவருடையதே. பட்டமளிப்பு விழாவுக்குப் போகும் நம் மாணவர்கள் அதனருகே நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள், யாரென்று கேட்பதில்லை.

அவர் அக்கடிதத்தை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி பலரும் அறிந்தது. 1916 செப்டம்பரில் அன்னி பெசன்ட் சென்னையில் ஹோம் ரூல் இயக்கத்தைத் தொடங்கினார். 1917 ஜூன் மாத நடுவில் ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அரசாங்கம் பெசன்ட், அருண்டேல், வாடியா ஆகிய மூவரையும் காவலில் வைக்க ஆணையிட, அவர்கள் உதகமண்டலம் சென்றனர். இயக்கத்தின் கௌரவத் தலைவர் என்ற முறையில் வெளியே எஞ்சியிருந்த மூத்தவர் மணி ஐயர். வயது எழுபத்து நான்கு. நீதிமன்றத்தை விட்டுப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன. அரசாங்கம் தந்த பட்டங்களை அணிந்தவர், போர்க்காலத்தில் தம் அரசாங்கத்தின்மேல் அயல்நாட்டுத் தலைவரிடம் புகார் எழுதினார். அந்நாளில் இதைத் துரோகம் என்று சொல்லிவிட அதிக நேரம் பிடித்திராது.

கடிதத்தின் உள்ளடக்கம் சுருக்கமாக இது. 1917 ஏப்ரல் 2ஆம் நாள் அமெரிக்க காங்கிரசின் முன் வில்சன் ஆற்றிய போர் உரையில், மக்களாட்சிக்கு உலகம் பாதுகாப்பான இடமாக வேண்டும் என்று முழங்கியிருந்தார். அந்தச் சொற்களையே மணி ஐயர் எடுத்து அவர்முன் வைக்கிறார். தங்கள் நாடு விலங்கிடப்பட்ட நாடு என்கிறார். அயலார் தமக்குத்தாமே கொழுத்த சம்பளம் வகுத்துக்கொள்வதையும், மக்களுக்குக் கல்வி மறுக்கப்படுவதையும், ஒப்புதலின்றி வரி சுமத்தப்படுவதையும், தேசபக்தியைச் சொன்னதற்காக ஆயிரக்கணக்கானோர் நோய் மலிந்த சிறைகளில் கிடப்பதையும் எடுத்துரைக்கிறார். பெசன்டின் காவலைக் குறிப்பிடுகிறார். பிறகு வருகிறது அந்த வியப்பான உறுதிமொழி: தன்னாட்சி தருவதாக உடனே வாக்களிக்கச் செய்தால், மூன்றே மாதத்தில் ஐம்பது இலட்சம் பேரையும், அடுத்த மூன்று மாதத்தில் இன்னோர் ஐம்பது இலட்சம் பேரையும் போர்முனைக்கு இந்தியா தரும்.

இந்தக் கடிதத்தைப் பற்றி நாம் பெரும்பாலும் கேட்பது இரண்டு கருத்துகள். ஒன்று, பழைய தேசியவாதியின் வீரச்செயல் என்ற புகழுரை. மற்றது, ஏகாதிபத்திய அமெரிக்காவிடம் போய் ஏகாதிபத்தியத்தைப் பற்றி முறையிட்ட வெகுளித்தனம் என்ற ஏளனம். இரண்டாவதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். அதில் பாதி உண்மை இருக்கிறது.

1898இல் ஸ்பெயினோடு போரிட்டு வென்ற அமெரிக்கா, இரண்டு கோடி டாலர் கொடுத்துப் பிலிப்பைன்ஸைத் தன்வசமாக்கிக்கொண்டது. ஸ்பெயினை எதிர்த்துப் போராடிய பிலிப்பினோக்கள் புதிய எசமானையும் எதிர்த்தனர். 1899 முதல் 1902 வரை நடந்த அந்தப் போரிலும், அதையொட்டிய நோயிலும் பஞ்சத்திலும் இரண்டு இலட்சம் குடிமக்கள்வரை மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். வெள்ளையனின் சுமையைப் பற்றிக் கிப்ளிங் 1899இல் எழுதிய கவிதை இந்தியாவைக் கருதி எழுதப்பட்டது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பிலிப்பைன்ஸை ஏற்கும்படி அமெரிக்காவுக்குச் சொன்ன அறிவுரை. அதை எதிர்த்து அமெரிக்காவிலேயே ஏகாதிபத்திய எதிர்ப்புச் சங்கம் இருந்தது. மார்க் ட்வைன் 1901 முதல் இறக்கும்வரை அதன் துணைத்தலைவர்களுள் ஒருவர். டாம் சாயரைச் சிறுவர்க்குத் தந்த ட்வைனைத் தமிழ் வாசகர் நன்கறிவர். பிலிப்பைன்ஸ் போரைக் கண்டு கொதித்த ட்வைன் நம்மிடம் வந்து சேரவில்லை.

வில்சனின் கைகளும் தூய்மையானவை அல்ல. 1915இல் அவருடைய படைகள் ஹைத்தியில் இறங்கின. அடுத்த ஆண்டு டொமினிக்கன் குடியரசில். வாஷிங்டன் அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியரைப் பிரித்து உட்காரவைத்தது அவருடைய ஆட்சி. மணி ஐயர் கடிதம் எழுதுவதற்கு நான்கே மாதம் முன்பு, 1917 பிப்ரவரியில், ஆசியாவின் பெரும்பகுதியினர் குடியேறுவதைத் தடுக்கும் சட்டத்தை அமெரிக்க காங்கிரஸ் நிறைவேற்றியது. இந்தியரும் அத்தடைக்குள் அடங்கினர். வில்சன் அதற்கு ஒப்புதல் மறுத்தார் என்பது உண்மை. ஆனால் அவர் மறுத்ததற்குக் காரணம் எழுத்தறிவுத் தேர்வு, ஆசியர்மேல் கொண்ட பரிவு அன்று. கடிதம் வாஷிங்டனை அடைந்த அதே ஆண்டின் நவம்பரில், சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் கதர் கட்சியினர் மேல் ஜெர்மனியோடு சேர்ந்து சதி செய்ததாக வழக்குத் தொடங்கியது. ஒரு கடற்கரையில் இந்தியரின் மனு, மறு கடற்கரையில் இந்தியர் மேல் வழக்கு.

இவையெல்லாம் சேர்ந்து மணி ஐயரை வெகுளி ஆக்கிவிடுகின்றனவா? நமக்கு அப்படித் தோன்றவில்லை. ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் பிலிப்பைன்ஸை ஆண்ட அதே அமெரிக்கா, 1916 ஆகஸ்டில் ஜோன்ஸ் சட்டத்தின் முன்னுரையில், நிலையான அரசாங்கம் அமைந்ததும் அத்தீவுகளுக்கு விடுதலை தருவோம் என்று எழுதிக் கொடுத்தது. காலம் குறிப்பிடாத வாக்குதான். நிறைவேற 1946 ஜூலை ஆயிற்று. ஆனால் 1917 ஜூனில் பிரிட்டன் இந்தியாவுக்கு அந்த அளவுகூடச் சொல்லியிருக்கவில்லை. அதற்கும் மேலாக, நீதிபதிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு: எதிராளியின் நெஞ்சை ஆராய மாட்டார்கள், கையெழுத்திட்ட ஆவணத்தை எடுத்து நீட்டுவார்கள். வில்சன் உள்ளபடி என்ன நினைத்தார் என்பது அவருக்கு வேண்டாத விஷயம். அவர் உலகறியச் சொன்ன சொல்லுக்கு அவரைக் கட்டுப்படுத்த முயன்றார். இதை நாம் வெகுளித்தனம் என்று சொல்ல மாட்டோம். வழக்கறிஞரின் தந்திரம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

நம்மை உறுத்துவது வேறிடத்தில் இருக்கிறது.

நாம் பணிபுரியும் கல்லூரி சென்னையின் மேற்கே உள்ளது. பட்டாபிராமிலிருந்தும் திருநின்றவூரிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். பெற்றோரில் பலர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலோ ஆவடி டாங்கித் தொழிற்சாலையைச் சார்ந்தோ வேலை பார்த்தவர்கள். படித்து முடித்த அண்ணன் அக்காமார் சிலர் இப்போது அமெரிக்க நேரத்துக்கு விழித்திருந்து கணினியில் வேலை பார்க்கிறார்கள். மொழிபெயர்ப்புப் பயிற்சிக்காக இக்கடிதத்தின் ஒரு பகுதியை முதுகலை மாணவர்க்குக் கொடுத்தோம். முதல் வரியிலேயே தகராறு. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல். தமிழில் ‘நாம்’ ஒன்று, ‘நாங்கள்’ ஒன்று. தொல்காப்பிய உரையாசிரியர்கள் இதை நுட்பமாக வகுத்திருக்கிறார்கள்: முன்னால் இருப்பவரையும் சேர்த்துக்கொள்ளும் உளப்பாடு ஒருவகை, எதிரில் இல்லாத படர்க்கையாரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் உளப்பாடு மற்றொரு வகை. வில்சனை நோக்கி எழுதுவதால் ‘நாங்கள்’ என்பதே பொருந்தும் என்று வகுப்பு முடிவு செய்தது. சரியான முடிவுதான். உடனே அடுத்த கேள்வி எழுந்தது. அந்த ‘நாங்கள்’ என்பதனுள் உளப்படுத்தப்பட்ட படர்க்கையார் எவர்?

கோடி ஆள் என்ற எண்ணிக்கையை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் உலகப்போரின் நான்காண்டுகளிலும் சேர்த்து இந்தியாவிலிருந்து கடல்கடந்து போனவர்கள் பத்து இலட்சத்துக்குச் சற்று மேல். ஏறத்தாழ 74,000 பேர் திரும்பவில்லை. மணி ஐயர் வாக்களித்தது அதைப்போலப் பத்து மடங்கு, அதுவும் ஆறு மாதத்தில். அத்தனை பேருக்குத் துப்பாக்கியும் கப்பலும் எங்கிருந்து வந்திருக்கும் என்ற கேள்வியை விட்டுவிடுவோம். பேரத்தில் எண்கள் பெருகுவது இயல்பு. அந்த உயிர்கள் யாருடையவை? மயிலாப்பூர் வழக்கறிஞர்களின் மைந்தர்கள் பதுங்குகுழிக்குப் போயிருக்கப் போவதில்லை. பஞ்சாபின் உழவர் பிள்ளைகளும், நம் பக்கத்தில் ஏரிப்பாசனத்தை நம்பி வாழ்ந்த கூலிக் குடும்பத்துப் பிள்ளைகளும்தான் போயிருப்பார்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று பொறித்த சிறு கல்வெட்டுகள் தமிழகத்துச் சில ஊர்களில் இன்றும் உள்ளன. அவற்றில் எண் மட்டுமே இருக்கும், பெயர் இராது. மணி ஐயரின் ‘நாங்கள்’ அவர்களைக் கேளாமலே உளப்படுத்திக்கொண்டது.

இதை இன்று நாமாகக் கண்டுபிடித்துச் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். அன்றே கேட்டார்கள். 1916 நவம்பரில் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் தோன்றியது; அடுத்த மாதம் பிராமணரல்லாதார் அறிக்கை வெளிவந்தது. 1917 அக்டோபரில் எழும்பூர் ஸ்பர்டாங்க் மைதானத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் கூட்டத்தில் டாக்டர் டி.எம். நாயர் பேசிய பேச்சு, ஹோம் ரூல் வந்தால் ஆள்வது யார் என்ற கேள்வியை ஒளிவுமறைவின்றி எழுப்பியது. நாயரின் கட்சி வெள்ளை அரசாங்கத்தை அளவுக்கு மீறி நம்பியது என்பது வேறு விவாதம். ஆனால் இலக்கண அளவில் அவர் கேள்வி சரியானது: ‘நாங்கள்’ என்று சொல்லும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தார்கள்? இதே கேள்வியை வில்சனிடமும் கேட்டிருக்கலாம். உலகத்தின் சார்பில் அவர் பேசிய பன்மையில் ஹைத்தி மக்கள் இருந்தார்களா, அலபாமாவின் கறுப்பின உழவர் இருந்தாரா?

(பத்திரிகைக் கட்டுரையில் ‘நாம்’ என்று எழுதும் நம் வழக்கமும் இதே குற்றச்சாட்டுக்கு உரியதுதான். வாசகர் மன்னிக்க.)

இத்தனைக்கும் பிறகு அந்தக் கடிதத்தை நாம் தள்ளிவிடச் சொல்லவில்லை. எழுதியவர் அதற்கு விலை கொடுத்தார். கடிதம் அமெரிக்காவில் அச்சாகி அங்குள்ள காங்கிரஸ் உறுப்பினர்களிடையே சுற்றியது. 1917 ஆகஸ்ட் 20இல் இந்தியாவில் படிப்படியாகப் பொறுப்பாட்சி வழங்கப்படும் என்று மாண்டேகு அறிவித்தார். செப்டம்பரில் பெசன்ட் விடுதலையானார். இவற்றுக்குக் கடிதம்தான் காரணம் என்று சொல்வது மிகை. போரின் நெருக்கடியும் நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியும் பெரிய காரணங்கள். மாண்டேகு அவ்வாண்டின் இறுதியில் சென்னை வந்தபோது, வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு அந்த முதியவரை நேரிலேயே கடிந்துகொண்டார். 1918 ஜூனில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தபோது, அது வெட்கக்கேடான கடிதம் என்று மாண்டேகு சொன்னார். மணி ஐயர் தம் கே.சி.ஐ.ஈ. பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்தார்.

தாகூர் தம் பட்டத்தைத் துறந்தது 1919 மே மாதத்தில். அதை நம் பள்ளிப்பிள்ளை ஒவ்வொருவரும் அறிவர், அறியத்தான் வேண்டும். அதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பே சென்னையில் ஒருவர் அதைச் செய்தார் என்பது நம் நினைவில் இல்லை. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் கப்பல் சில நிமிடங்கள் குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது; ‘எம்டன்’ தமிழ்ச் சொல்லாகி இன்றும் வழக்கில் இருக்கிறது. மொழியின் நினைவு எதைப் பிடித்துக்கொள்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதற்கு நியாயம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

வெள்ளை மாளிகையிலிருந்து இந்தியாவுக்கு எந்த வாக்கும் வரவில்லை. 1918 ஜனவரியில் வில்சன் வெளியிட்ட பதினான்கு அம்சங்களில், காலனிகளைப் பற்றிய ஐந்தாம் அம்சம் ஆள்வோரின் உரிமையையும் ஆளப்படுவோரின் நலனையும் ஒரே தராசில் வைத்தது. பாரிஸ் மாநாட்டுக்கு எகிப்தியர் மனு கொண்டுவந்தனர், வியட்நாமியர் கொண்டுவந்தனர், திலகர் லண்டனிலிருந்து எழுதினார். இன சமத்துவம் என்ற வரியைச் சர்வதேச சங்கத்தின் சாசனத்தில் சேர்க்க ஜப்பான் முனைந்தபோது, பெரும்பான்மையோர் ஆதரித்தும், ஒருமனதான முடிவு இல்லை என்று கூறித் தலைவர் இருக்கையிலிருந்த வில்சன் அதை ஒதுக்கினார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அதே வாசலுக்கு இன்னொரு கடிதம் போயிற்று. 1941 ஆகஸ்டில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் வெளியிட்ட அட்லாண்டிக் சாசனம், எல்லா மக்களும் தத்தம் ஆட்சிமுறையைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையைப் பேசியது. அது இந்தியாவைக் குறிக்காது என்று அடுத்த மாதமே சர்ச்சில் தெளிவுபடுத்தினார். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் வருவார்கள் என்ற அச்சத்தில் சென்னை காலியாயிற்று. இராணுவக் கிடங்குகள் எழுந்து ஆவடியின் முகம் மாறத் தொடங்கியது அந்தப் போரில்தான். பதின்மூன்று ஆண்டு கழித்துக் காங்கிரஸ் மாநாடு கூடிச் சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டதும் அதே ஆவடியில். 1942 ஜூலை 1ஆம் நாள் காந்தி ரூஸ்வெல்ட்டுக்கு எழுதினார். இந்தியாவும் ஆப்பிரிக்காவும் சுரண்டப்படும்வரை, அமெரிக்காவின் சொந்த வீட்டில் நீக்ரோ பிரச்சினை இருக்கும்வரை, சுதந்திரத்துக்கான போர் என்ற நேச நாடுகளின் பேச்சு வெற்றொலி என்று அதில் குறிப்பிட்டார்.

இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்துப் படித்தால் தமிழ் படித்தவர்க்கு ஔவை நினைவுக்கு வருவார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையின் பாடல் புறநானூற்றில் தொண்ணூற்றைந்தாவது. நம் பூந்தமல்லியும் ஆவடியும் அந்தத் தொண்டை நாட்டில் அடங்கியவையே. தொண்டைமானின் படைக்கலங்கள் அழகாக மினுங்குகின்றன என்று புகழ்வதுபோல், அவை போர் காணாதவை என்று குத்திக்காட்டும் பாடல் அது. மணி ஐயரின் தூதில் புகழ் உண்டு, குத்தல் இல்லை. ஹைத்தியையும் மணிலாவையும் அவர் சொல்லவில்லை. உதவி கேட்கப் போன இடத்தில் சொல்ல முடியாது என்று கருதியிருக்கலாம். காந்தியின் தூது ஔவையை நெருங்குகிறது. உலகப்போரின் நடுவில், உதவி வேண்டி நிற்கும்போதே, எதிராளியின் வீட்டுக் குறையை எடுத்துரைக்க அவரால் முடிந்தது. அதைவிட முக்கியம், அமெரிக்கக் கறுப்பின மக்களையும் ஆப்பிரிக்கரையும் தம் பக்கத்துப் படர்க்கையாராக அவர் சேர்த்துக்கொண்டார். ஒரு கோடி ஆள் தருவதாகவும் சொல்லவில்லை. நேச நாட்டுப் படைகள் இந்தியாவில் தங்கியிருக்கலாம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்.

இன்னொரு திசையிலும் கவனம் போக வேண்டும். போரூரை அடுத்த துள்ளத்தில் பிறந்த திரு.வி.க., அதே 1917 டிசம்பரில் ஆசிரியப் பணியை விட்டுத் ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியரானார். ஹோம் ரூலை ஆதரித்தவர், பிராமணரல்லாதாரின் குறைகளையும் அறிந்தவர். உதகையில் காவலில் இருந்து மீண்ட வாடியாவோடு சேர்ந்து 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார். கடிதத்தின் ‘நாங்கள்’ எவரையெல்லாம் கேளாமல் சேர்த்துக்கொண்டதோ, அவர்களில் ஒரு பகுதியினரைப் பெரம்பூர் ஆலை வாசலில் நேரில் சந்தித்துத் தமிழில் பேசிய முயற்சி அது. மாண்டேகு அக்கடிதத்தைப் பழித்த மாதத்தில் தமிழ் இதழ்கள் என்ன எழுதின, ‘திராவிடன்’ என்ன எழுதியது என்பதெல்லாம் பழைய தாள்களுக்குள் தேட வேண்டியவை.

ஆகவே நம் வேண்டுகோள் எளியது. வில்சனுக்கு எழுதிய கடிதம் முழுமையாகத் தமிழில் வர வேண்டும். தனியாக வேண்டாம், ஸ்பர்டாங்க் பேச்சோடும், 1916ஆம் ஆண்டின் ஜோன்ஸ் சட்ட முன்னுரையோடும், ட்வைனின் ஏகாதிபத்திய எதிர்ப்புக் கட்டுரை ஒன்றோடும், காந்தியின் 1942ஆம் ஆண்டுக் கடிதத்தோடும் ஒரே தொகுப்பாக வரட்டும். நூறு நூற்றிருபது பக்கத்துக்குமேல் போகாது. மொழிபெயர்க்கும் நண்பர்கள் ‘நாம்’, ‘நாங்கள்’ வரும் இடங்களில் மட்டும் நம் மாணவர்களோடு ஒருமுறை கலந்துகொள்ளுங்கள். அவர்கள் இன்னும் சில வரிகளில் உடன்பாட்டுக்கு வரவில்லை.